"நமக்கெல்லாம் கிடைக்காது" என்று ஃபாஃப்சாவை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஃபாஃப்சாவா? அது சம்பளம் குறைவா இருக்கறவங்களுக்கு. நமக்கு ஒண்ணும் வராது." நான் கலிஃபோர்னியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஒரு நினைப்பால் வரவேண்டிய பணத்தை விட்டுவிடுகிற வீடுகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். படிவமே வராத மாணவருக்கு எந்த அலுவலகத்தாலும் எதையும் கணக்குப் போட முடியாது.

ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் மாணவர் உதவிக்கான விண்ணப்பம். ஆண்டுதோறும் அக்டோபர் 1-ம் தேதிக்குள் திறந்துவிடும், போடுவதற்குக் கட்டணம் கிடையாது. நிரப்பித் தருகிறேன் என்று நூற்றுக்கணக்கில் டாலர் கேட்கும் கன்சல்டன்ட்டுகளிடம் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் பள்ளி கவுன்சிலரோ எங்களைப் போன்ற அலுவலகமோ இலவசமாகவே உதவும்.

மத்திய அரசின் பணத்துக்கு மட்டும்தான் இந்தப் படிவம் என்று பலர் நினைக்கிறார்கள். மாநில அரசும் பல்கலைக்கழகமும் தங்கள் கையிலிருக்கும் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இதே படிவத்தை வைத்துத்தான். கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. யு.சி., கால் ஸ்டேட் என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளின் கல்லூரிகளில் படிக்கும் மாநிலவாசிகளுக்கானது. ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டிய குடும்பங்கள் வரைக்கும் அதில் இடம் உண்டு. கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் வீடுகள்கூட அந்த வரம்புக்குள் வரலாம். ஆனால் வழக்கமாக மார்ச் 2 என்று இருக்கும் கெடுவுக்குள் படிவம் போயிருக்க வேண்டும். கால் கிராண்ட் என்ற மாநில மானியம் வேண்டுமானால் அதோடு பள்ளி மதிப்பெண் சராசரியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதிகள் மாறும். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகை வருமானத்தைப் பார்ப்பதே இல்லை, பள்ளியில் 3.0 சராசரி இருக்கிறதா என்று பார்க்கும். நியூயார்க்கின் எக்ஸெல்சியர் திட்டம் 1,25,000 டாலர் வருமானம் வரைக்கும் டியூஷனைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் எத்தனை ஆண்டு அந்தப் பணத்தில் படித்தார்களோ அத்தனை ஆண்டு படிப்பு முடிந்ததும் அந்த மாநிலத்திலேயே வசிக்க வேண்டும். வெளியேறினால் வாங்கியது கடனாக மாறிவிடும். வேலை கிடைத்து டெக்சாஸுக்கோ சியாட்டிலுக்கோ போகிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் கணக்கே வேறு. யு.சி.யில் வெளிமாநில மாணவர் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டும் ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல், அதற்கு மாநில உதவி எதுவும் கிடையாது.

விசா பற்றிய குழப்பமும் நிறைய. பெற்றோர் எச்1பி-யில் இருந்தாலும், பிள்ளை இங்கே பிறந்திருந்தால் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், மத்திய உதவிக்கு முழுத் தகுதி உண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றாலும் ஃபாஃப்சா இணையதளத்தில் கணக்குத் தொடங்கிக் கையெழுத்துப் போடலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் தகுதி உண்டு. ஈழத்திலிருந்து வந்து புகலிடம் வழங்கப்பட்டவர்களுக்கும் உண்டு. புகலிட மனு இன்னும் நிலுவையில் இருந்தால் மட்டும் பொறுத்திருக்க வேண்டும். மனதுக்குக் கஷ்டமான விஷயம், எச்1பி பெற்றோரைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுடையது. மூன்று வயதில் வந்து இங்கேயே பள்ளி முடித்திருந்தாலும், கிரீன் கார்டு வரிசையில் குடும்பம் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தாலும், அவர்களுக்கு மத்திய அரசின் மானியமும் கிடையாது, கடனும் கிடையாது. அந்தக் குடும்பங்கள் மாநில விதியையும் பல்கலைக்கழகம் சொந்தமாகத் தரும் உதவித்தொகைகளையும் தனியாக விசாரிக்க வேண்டும், அதுவும் விண்ணப்பிக்கும் முன்பே.

படிவம் போட்டதும் எஸ்.ஏ.ஐ. என்று ஓர் எண் வரும். மைனஸ் 1,500-ல் தொடங்கும். எண் சிறியதாக இருந்தால் தேவை அதிகம் என்று அர்த்தம். "இவ்வளவுதான் நாங்க கட்டணுமா சார்?" என்று அந்த எண்ணைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அது நீங்கள் கட்ட வேண்டிய தொகை அல்ல, யாருக்கு எவ்வளவு தேவை என்று எடைபோட அலுவலகங்கள் பயன்படுத்தும் அளவு, அவ்வளவுதான். பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு மானியத்துக்கு உச்சத்தொகை 2024-25, 2025-26 இரண்டு கல்வியாண்டிலும் 7,395 டாலர். வருமானம் வறுமைக்கோட்டை ஒட்டிய ஓர் அளவுக்குள் இருந்தால் முழுத்தொகையும் வரும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்த 7,395-லிருந்து எஸ்.ஏ.ஐ.யைக் கழித்த மீதி. எஸ்.ஏ.ஐ. 4,395 என்றால் பெல் 3,000.

இந்த எண்ணை ஏற்றியும் இறக்கியும் விடுகிற விஷயங்களில் நம்மவர்கள் தடுமாறுவது சொத்து விவரத்தில். குடியிருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம். 401கே போன்ற ஓய்வூதியச் சேமிப்பையும் காட்ட வேண்டாம். ஆனால் சென்னையில் வாங்கிப்போட்ட ஃபிளாட், ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, இந்திய வங்கியில் போட்டிருக்கும் டெபாசிட், எல்லாமே காட்ட வேண்டியவை. நாடு வேறு என்பதால் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தவறான விவரம் தருவது சட்டப்படி குற்றம். காட்டினால் எல்லாம் போய்விடும் என்கிற பயமும் வேண்டாம். பெற்றோர் சொத்தில் நூறு டாலருக்கு அதிகபட்சம் ஐந்தரை டாலரை ஒட்டித்தான் கணக்கில் ஏறும். பிள்ளையின் பெயரில் இருப்பது என்றால் நூறுக்கு இருபது. பாசத்தில் பிள்ளை பெயரிலேயே கணக்குத் தொடங்கிச் சேர்த்து வைக்கும் வழக்கம் இங்கே எதிராகப் போய்விடுகிறது. 529 என்ற கல்லூரிப் படிப்புச் சேமிப்புக் கணக்கில் இருந்தால் அது பெற்றோர் சொத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். வருமானம் 60,000 டாலருக்குக் கீழே இருந்து வரிக்கணக்கும் எளிமையாக இருந்தால் சொத்தைப் பற்றிய கேள்வியே பெரும்பாலும் வராது. மளிகைக்கடை, உணவகம் என்று சிறுதொழில் நடத்துபவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு: இடையில் இரண்டு ஆண்டு கணக்கில் சேர்க்கப்பட்ட சிறுதொழில் மதிப்பு, 2026-27 கல்வியாண்டிலிருந்து மறுபடி விலக்கப்பட்டிருக்கிறது.

இரட்டைப் பிள்ளைகளோ அடுத்தடுத்த வயதுப் பிள்ளைகளோ உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் குடும்பத்தின் பங்கு பிரிக்கப்படும். 2024-25 முதல் மத்தியக் கணக்கில் அந்தச் சலுகை இல்லை. மூத்தவருக்கு வந்ததைப் பார்த்து இளையவருக்கும் அப்படியே வரும் என்று திட்டம் போடாதீர்கள்.

சரி, மார்ச், ஏப்ரலில் பல்கலைக்கழகத்திலிருந்து உதவிக் கடிதம் வந்துவிட்டது. அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். ஓர் உதாரணம் போடுகிறேன், கணக்கு எளிதாக இருக்க முழு எண்களில். ஆண்டு மொத்தச் செலவு 42,000 டாலர். கீழே பட்டியல்: பெல் கிராண்ட் 3,000, மாநில மானியம் 14,000, பல்கலைக்கழக மானியம் 6,000, வொர்க்-ஸ்டடி 3,000, மாணவர் கடன் 5,500, பெற்றோர் பிளஸ் கடன் 8,000. கூட்டுத்தொகை 39,500 என்று தடித்த எழுத்தில் இருக்கும். மீதி 2,500 தானே, சமாளித்துவிடலாம் என்று வீட்டில் ஸ்வீட் வாங்கிவிடுவார்கள்.

திரும்பக் கொடுக்க வேண்டாத பணம் இதில் முதல் மூன்று மட்டுமே, மொத்தம் 23,000. அப்படியானால் அந்த ஆண்டுக்கு உங்கள் குடும்பத்தின் தலையில் விழுவது 19,000 டாலர். கடனாக வாங்கினாலும் கையிலிருந்து போட்டாலும் அது உங்கள் பணம்தான். வொர்க்-ஸ்டடி என்று போட்டிருக்கும் 3,000 முன்கூட்டி வராது, பில்லிலும் கழியாது. பிள்ளை வளாகத்தில் வேலை தேடி, நூலகத்திலோ ஆய்வகத்திலோ நின்று உழைத்தால் சம்பளமாக வரும். வேலை கிடைக்காவிட்டால் அந்த வரி காகிதத்தோடு சரி.

முதலாண்டு மாணவர் கடன் 5,500-ல் 3,500 வரைதான் படிக்கும் காலத்துக்கு அரசே வட்டி கட்டுகிற வகையில் வரலாம், அதுவும் தேவை நிரூபணமானால். மீதிக்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பெற்றோர் பிளஸ் கடனோ முழுக்க முழுக்க அப்பா, அம்மாவின் பெயரில் நிற்கும் கடன். அது கிடைக்குமா என்பது உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்துத்தான் முடிவாகும். அதை உதவிப் பட்டியலில் சேர்ப்பதே சரியில்லை என்பது என் கருத்து. 2026 ஜூலை 1 முதல் புதிதாக பிளஸ் கடன் வாங்குபவர்களுக்குப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 டாலர் என்று வரம்பும் வந்துவிட்டது. முதல் இரண்டு ஆண்டிலேயே பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டால் கடைசி ஆண்டில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

2022-ல் ஜி.ஏ.ஓ. என்ற மத்தியத் தணிக்கை அமைப்பு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களை ஆராய்ந்தது. மானியம் போக உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்லாத, அல்லது குறைத்துக் காட்டுகிற கல்லூரிகள் சுமார் 91 சதவீதம் என்று அதன் அறிக்கை சொன்னது. ஆகவே இரண்டு கல்லூரிக் கடிதங்களை ஒப்பிடும்போது அவர்கள் போட்ட கூட்டுத்தொகைகளை ஒப்பிடாதீர்கள். ஒரு தாளில் நீங்களே மொத்தச் செலவை எழுதி, மானியங்களை மட்டும் கழியுங்கள். மொத்தச் செலவு என்பது டியூஷன் மட்டும் அல்ல. யு.சி. போன்ற இடத்தில் மாநிலவாசிக்கு டியூஷனும் கட்டணங்களும் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும், மீதியெல்லாம் வாடகை, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து. "டியூஷன் ஃப்ரீ" என்ற சொல்லைக் கேட்டதும் வாடகையை மறந்துவிடக் கூடாது.

கடிதத்தில் வந்த தொகை முடிவான தொகை அல்ல என்பதுதான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை. 2026-27 கல்வியாண்டுக்கு 2024-ன் வரிக்கணக்கு. 2024-ல் நல்ல சம்பளம், கூடவே கம்பெனி பங்குகளும் வந்திருக்கும். 2025-ல் லே ஆஃப். படிவம் சொல்வது பழைய சம்பளத்தை, வீட்டு நிலைமை வேறு. "வேலை போய் எட்டு மாசம் ஆச்சு அண்ணா, லெட்டர்ல ஒரு டாலர்கூட மானியம் இல்லை. இதுக்கு மேல யாரைக் கேக்கறது?" என்று ஒரு தகப்பனார் தொலைபேசியில் கேட்டார். எங்களைத்தான் கேட்க வேண்டும். ப்ரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட் என்ற பெயரில் அந்த விவரங்களை மாற்றிக் கணக்கிடும் அதிகாரத்தைச் சட்டம் ஒவ்வொரு கல்லூரியின் நிதி உதவி அலுவலருக்கும் கொடுத்திருக்கிறது. இப்படி வரும் கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக நிராகரிப்பது என்று எந்தக் கல்லூரியும் கொள்கை வைத்துக்கொள்ள முடியாது.

வேலை இழப்பு, சம்பளக் குறைப்பு, விவாகரத்து, பெற்றோரின் மரணம், காப்பீடு தராத பெரிய மருத்துவச் செலவு, ஒரே ஒரு முறை வந்து வருமானத்தை வீங்கவைத்த தொகை, இவையெல்லாம் ஏற்கத்தக்க காரணங்கள். அழுது எழுதும் கடிதம் வேண்டாம், காகிதம் வேண்டும்: வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாதோர் உதவிக்கான ஆவணம், நிறுத்தும்போது கம்பெனி கொடுத்த தொகையின் விவரம், இந்த ஆண்டு எவ்வளவு வரும் என்ற உங்கள் மதிப்பீடு. நம் ஆட்களுக்கு இங்கே ஒரு தயக்கம் வருகிறது. வேலை போனதை வெளியில் சொல்ல மாட்டார்கள், கோவிலில் பார்க்கும் நண்பருக்குக்கூடத் தெரியாது. அந்த மன வேதனை எனக்குப் புரிகிறது. எங்கள் அலுவலகத்தில் சொல்வது உங்கள் கோப்பைத் தாண்டிப் போகாது, சட்டமே அதைக் காக்கிறது. சொல்லாமல் இருந்தால் பிள்ளை நான்கு ஆண்டுக் கடனோடு வெளியே வரும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைப் படிவம் கழிக்காது. ஆனால் அவர்களில் ஒருவருக்கு மருத்துவச் செலவு நீங்கள் செய்திருந்தால், ரசீதோடு கேட்டுப் பாருங்கள். எல்லா அலுவலகமும் ஏற்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்பதில் நஷ்டமில்லை.

சிலருடைய படிவத்தைச் சரிபார்ப்புக்கு எடுப்பார்கள். அப்போது ஆவணம் கேட்டு வரும் செய்தி பிள்ளையின் கல்லூரி மின்னஞ்சலுக்கும் மாணவர் கணக்குப் பக்கத்துக்கும்தான் போகும், உங்களுக்கு வராது. பதினெட்டு வயதுப் பிள்ளை அதைத் திறக்காமலே கோடை விடுமுறையைக் கழித்துவிடும். ஆகஸ்டில் பில் வரும்போதுதான் மானியம் ஏறவில்லை என்று தெரியவரும். ஜூன், ஜூலையில் வாரம் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகும் மானியத்துக்கு நிபந்தனைகள் உண்டு. பெரும்பாலான இடங்களில் சராசரி 2.0-க்குக் குறையக்கூடாது, எடுத்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும். பெல் கிராண்ட் முழுதாக வர ஒரு பருவத்தில் 12 கிரெடிட் வேண்டும். 9 எடுத்தால் முக்கால் பங்குதான். பருவத்தில் 60 சதவீதம் கடப்பதற்குள் எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டால் வாங்கிய மத்திய உதவியில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டிவரும். மன அழுத்தமோ உடல்நிலையோ காரணமாகப் பிள்ளை பாடத்தை விட நினைத்தால், விடுவதற்கு முந்தைய நாளே நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போடச் சொல்லுங்கள். எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவோம். அப்புறம், ஃபாஃப்சா ஒருமுறை போட்டால் நான்கு ஆண்டுக்கும் ஓடாது. ஒவ்வோர் அக்டோபரிலும் புதிதாகப் போட வேண்டும், சென்ற ஆண்டு ஒன்றும் வரவில்லை என்றாலும்கூட.