படுக்கையருகே நற்கருணை: கொடுக்குமுன் தாதியிடம் கேளுங்கள்

விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு நற்கருணையோ திருவிருந்தோ (ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்குமுன் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பக்கவாதம், பார்க்கின்சன், முற்றிய டிமென்ஷியா உள்ளவர்களுக்குத் தொண்டைத் தசை மெதுவாகத்தான் வேலை செய்யும். உலர்ந்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திராட்சை ரசம் தண்ணீர்போல் ஓடுவதால், மூச்சுக்குழாய் மூடுமுன்பே உள்ளே இறங்கிவிடும். இருமினால் நமக்குத் தெரிந்துவிடும். இருமலே வராமல் ரசம் நுரையீரலுக்குப் போவதும் உண்டு. பிறகு காய்ச்சலும் நிமோனியாவும் வந்தபின்தான் விஷயம் புரியும்.

சிங்கப்பூர் மருத்துவமனைகளிலும் தாதிமை இல்லங்களிலும் பேச்சு சிகிச்சையாளர் நோயாளியைச் சோதித்து, எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று எழுதிவைப்பார். பானங்களுக்கு 0 முதல் 4 வரை நிலைகள் உண்டு. 0 என்றால் சாதாரணத் தண்ணீர். 2 என்றால் பொடி கலந்து சற்றுக் கெட்டியாக்கியது. 2 என்று குறித்திருக்கும் ஒருவருக்குக் கிண்ணத்திலிருந்து நேரடியாக ரசம் கொடுக்கக்கூடாது. அப்பத்தை ரசத்தில் தோய்த்தால் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரசம் முன்னால் வடிந்து, அப்பம் பின்னால் வருவதால் சிலருக்கு அதுதான் அதிகத் தொல்லை.

கத்தோலிக்கருக்கு இதில் வழி இருக்கிறது. அப்பத்தின் மிகச் சிறு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. திடப்பொருள் எதுவுமே இறங்காதவருக்குத் தேவையை முன்னிட்டு ரசம் மட்டும் கொடுக்கவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. மெதடிஸ்ட் சபைகளில் மதுவற்ற திராட்சைச் சாறுதான் வழக்கம். கெட்டியாக்கும் பொடியைச் சாற்றில் சேர்க்கலாமா என்று போதகரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கொடுக்கும் முறை இதுதான். நோயாளி நன்றாக விழித்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, வாயை முதலில் ஈரமாக்குங்கள். துணுக்கை வைத்ததும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஜெபம் முன்னாலோ பின்னாலோ இருக்கட்டும். விழுங்கிய பின் வாய்க்குள் பாருங்கள், கன்னத்தில் ஒதுங்கியிருக்கலாம். 'ஆமென்' சொல்லும் குரல் ஈரமாகக் கரகரத்தால் அத்தோடு நிறுத்தித் தாதியைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

நோன்பு பற்றியும் குழப்பம் இருக்கிறது. நற்கருணைக்கு முன் 1 மணி நேர நோன்பு முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கட்டாயமில்லை. மருந்தும் தண்ணீரும் யாருக்குமே நோன்பை முறிக்காது. ஆகவே பாட்டியின் காலை மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவைச் சிகிச்சை நாளில் மட்டும் நிலைமை வேறு. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்திவிடுவார்கள். சிறிய அப்பத்துண்டுக்கும் மயக்க மருந்து மருத்துவரின் அனுமதி வேண்டும். நற்கருணையை முதல் நாள் மாலையே வாங்கிக்கொள்வது நல்லது.

உபவாச ஜெபம் இதைவிட ஆபத்தானது. இன்சுலினோ கிளிபிசைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமலிருந்தால் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை சாதாரணமாகவே தெரிந்தாலும் இரத்தத்தில் அமிலம் கூடலாம். உபவாசத்துக்கு முன் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

இனி, சுகம் பற்றி. "திருவிருந்து எடுத்துவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்துவோர் உண்டு. யாக்கோபு 5:14 எண்ணெயையும் ஜெபத்தையும் சொல்கிறது. மருத்துவரை விடச் சொல்லவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் உடனே எதுவும் தெரியாது. அதுவே சுகம் கிடைத்த அடையாளமாகத் தோன்றி ஏமாற்றும்.

இன்னொரு காயம் கண்ணுக்குத் தெரியாது. 1 கொரிந்தியர் 11:30-ஐக் காட்டி, 'தகுதியில்லாமல் அப்பம் எடுத்ததால்தான் உனக்குப் புற்றுநோய்' என்று சொல்வது. அந்த அதிகாரத்தில் பவுல் கண்டித்தது, ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்த விருந்தை. அதே வசனத்தைப் படுக்கையில் கிடப்பவர்மேல் சுமத்துவது, எங்கள் பார்வையில், கொடுமை. குற்றவுணர்ச்சியால் சிகிச்சையையே வேண்டாம் என்று சொல்லிவிடுவோரும் உண்டு. நற்கருணை நோயாளிக்குத் தருவது வேறு: பயம் தணிகிறது, மன்னிப்புக் கேட்க வாய் திறக்கிறது, சபை தன்னை மறக்கவில்லை என்று தெரிகிறது. இதையும் சுகம் என்றே சொல்லலாம். கட்டி சுருங்கியதா என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

ஆக்சிஜன் ஓடும் படுக்கையருகே மெழுகுவர்த்தி வேண்டாம். எண்ணெய் பூசும்போது முகமூடிக்கு அருகே படாமல் நெற்றியிலும் கைகளிலும் மட்டும் பூசுங்கள்.

மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுபவர் வாயில் ஒரு துளி ரசம் வைக்கவும் சிகிச்சையாளர் அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஆசை நற்கருணை ஜெபத்தை (அப்பம் வாங்க முடியாதபோது கிறிஸ்துவை மனத்தில் வரவேற்கும் ஜெபம்) அவருக்குப் பழகிய தமிழில், அவர் காதருகே, மெதுவாகச் சொல்லுங்கள். குருவானவரையோ போதகரையோ அழைக்கும்போது வார்டு எண், படுக்கை எண்ணோடு விழுங்கும் நிலையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.