பல வருஷம் நின்ற ஜீப்பில் சாவியைத் திருகும் முன்

தார்ப்பாய் போட்டு மூடி எட்டு, பத்து வருஷம் ஓரமாக நின்ற ஒரு பழைய ஜீப் கைக்கு வந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: புது பேட்டரி வாங்கிப் போட்டு ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இத்தனை வருஷம் நின்றதால் வந்த கேட்டைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அவசரப்பட்டு எஞ்சினைச் சுழற்றும் முதல் சில நிமிடங்களில் வரும் கேட்டுக்குத்தான் லேத்துக்கும் சிலிண்டர் கடையும் போரிங் கடைக்கும் அலைய வேண்டியிருக்கும். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், எதை எந்த வரிசையில் தொட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது டீசல் ஜீப்பை. 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளின் உறுப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய மகிந்திரா, 1980களில் எம்எம் 540 போன்ற வண்டிகளில் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் 2,112 சி.சி. டீசல் எஞ்சினைப் பொருத்தியது. மலைப்பக்க எஸ்டேட்டுகளில் மூட்டையையும் ஆட்களையும் சுமந்து ஓய்ந்துபோன அந்த வண்டிகள் இன்னும் பல கொட்டகைகளில் நிற்கின்றன.

துருவிலிருந்து ஆரம்பிக்கலாம். துருப்பிடிப்பது உண்மையில் ஒரு மின்வேதி வேலை. இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும்; ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரையும், பக்கத்தில் வேறோரிடத்தில் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். இதற்கு மழை நேரடியாகப் பட வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவேறும் வேகம் கூடிவிடும். உப்பும் தூசியும் படிந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரமே போதும். இறுக்கமாகத் தார்ப்பாய் கட்டிய வண்டி, பக்கம் திறந்த கூரைக்கு அடியில் நின்ற வண்டியைவிட மோசமாக இருப்பதும் இதனால்தான். மண்ணிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கி, இரவில் குளிர்ந்த தகட்டின் மேல் துளித்துளியாகப் படிகிறது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது சேற்றின் வேலை. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இரும்பு அதிகம் துருப்பிடிக்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. காற்றுப் படும் பகுதி எலக்ட்ரான்களை வாங்கும் இடமாகிவிட, காற்றே போகாத, சேறு அப்பிய பகுதி கரையும் இடமாகிவிடுகிறது. பானெட்டில் தெரியும் செந்துரு பெரும்பாலும் மேல்தோலோடு சரி. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் உள்மடிப்பில், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால் காய்ந்து இறுகிக் கிடக்கும் சேற்றைச் சுரண்டிப் பாருங்கள். அங்கேதான் இரும்பு ஏடு ஏடாக உரிந்துவரும். ஒரு சின்னச் சுத்தியலால் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீர் என்னும். அரித்த இடம் பொத்தென்று கேட்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். நட்டுகள் இறுகிப்போவதும், ரிவெட் அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவே வீங்கிப் பிதுங்குவதும் அதனால்தான்.

ஸ்பிரிங் பிராக்கெட்டுகளைச் சுற்றி சேஸிஸ் பல இடங்களில் அரித்துப்போயிருந்தால், என் யோசனை, அந்த வண்டியில் பணத்தைப் போட வேண்டாம். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், அந்த நம்பர்களை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். எந்த நிலையில் நின்றாலும் நான்கு சிலிண்டர்களில் ஒன்றிரண்டில் வால்வு திறந்தேதான் இருக்கும். அதன் வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் மாதக்கணக்கில் வடிந்து இறங்கியிருக்கும். பிஸ்டன் ரிங் சுவரைத் தொடும் கோட்டில் துரு பிடித்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முழு பலத்தையும் கொடுத்தால் ரிங் உடையலாம். உடையாவிட்டாலும் துருத்தூள் சிலிண்டர் சுவரைக் கீறிக்கொண்டே போகும்.

அதனால் முதலில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளையோ, உள்ளே டீசலைத் தெளிக்கும் நாசில்களையோ கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவை இளக்கும் மெல்லிய ஆயிலைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். இப்படிப்பட்ட மெல்லிய ஆயில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்புழை விசையால் குறுகலான இடுக்கில் தானே ஏறிப் போகும், ஆனால் மெதுவாக. நாள்கணக்கில் விடுங்கள். அப்புறம் எஞ்சினின் சுழல்தண்டு முனையில் இருக்கும் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்துவிட்டால் மீதியும் வரும்.

பிளக்குகளைக் கழற்றாமல் சுழற்றவே கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 2,112 சி.சி.யை நான்காக வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 528 சி.சி. இந்த டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம், அதாவது காற்றை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறது என்ற கணக்கு, 20க்கு மேல். அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 25 மி.லி.தான். நீங்கள் ஊற்றிய ஆயிலோ, கசிந்து இறங்கிய தண்ணீரோ அந்த அளவைத் தாண்டி உள்ளே இருந்தால், திரவம் அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

அடுத்தது டேங்க். டீசல் நாள்பட்டால் காற்றோடு வினைபுரிந்து பசையாகும். இரவு பகல் வெப்ப மாற்றத்தில் டேங்கின் காலி இடத்தில் நீர் படிந்து அடியில் தேங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதற்குப் பேர்போனது. டீசலின் ஹைட்ரோகார்பன்களையே உணவாக்கிக்கொண்டு, நீரில் வாழ்ந்து, கறுத்த சளிபோலப் படரும். அதோடு அமிலங்களையும் வெளியிட்டு டேங்கை அரிக்கும். டீசல் பம்புக்குள் ஏறி இறங்கும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த இடுக்கில் பசையோ துருவோ போனால் பம்பு இறுகிவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், லைன்களை ஊதி விடுங்கள், ஃபில்ட்டரை மாற்றுங்கள், பம்பையும் நாசிலையும் பம்பு கடையில் கொடுத்து டெஸ்ட் செய்யுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க முயல்கிறவர்கள் பின்னால் கூடுதலாகக் கொடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய சின்னச் சின்ன இரும்பு உறுப்புகளின் துருவை நீக்க வீட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். உறுப்பு பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில், ஒரு பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவில். உறுப்பின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைத் தளர்த்திவிடும். துருவின் ஒரு பகுதி வேதிமாற்றமும் அடையும். திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சான குரோமியம் சேர்மங்கள் தண்ணீரில் இறங்கும், கூடாது. பட்டை ஸ்பிரிங்கையும் உறுதியேற்றிய போல்ட்டுகளையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் அந்த வகை எஃகு நொறுங்கும். சுரண்டியும் போகாத துருவுக்கு டானிக் அமிலம் கலந்த பூச்சு கிடைக்கிறது. துரு அதனோடு சேர்ந்து கறுத்த, நிலையான படலமாகிவிடும். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான்.

பிரேக்கில் மட்டும் சிக்கனமே வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் கிளைகால் (glycol) வகைத் திரவம். டாட் 3 (DOT 3) தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீத நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சூடேறி ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவி நிறையும். ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதே நீர் வீல் சிலிண்டரின் உள்சுவரில் குழிகுழியாக அரித்தும் இருக்கும், அதில் உரசினால் புது ரப்பரும் கிழியும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். டயருக்கும் இதே தீர்ப்புதான். ரப்பருக்குள் இருக்கும் காப்பு மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வரும். ஆண்டுக்கணக்கில் நின்ற டயரில் ஓசோன் வெடிப்புகளைப் பக்கச்சுவரிலேயே பார்க்கலாம்.

இப்போது பேட்டரி. அதோடு, பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள். டீசல் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருப்பிடித்த எர்த் இணைப்பில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே அங்கே 2 வோல்ட் போய்விடும். புது பேட்டரி போட்டும் முக்குகிறது என்று ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன் அந்த ஒரு போல்ட்டைத் தேய்த்துப் பாருங்கள்.

புது எஞ்சின் ஆயில் ஊற்றியாயிற்று. ஆனால் அது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில்தான் இருக்கிறது, பேரிங்குகளில் இல்லை. ஹீட்டர் பிளக்குகள் வெளியிலேயே இருக்கட்டும், டீசலையும் அடைத்துவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் முள் எழும் வரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். சிலிண்டர்களில் அழுத்தம் சேராததால் எஞ்சின் லேசாகச் சுழலும், ஆயில் வழிகளெல்லாம் நிரம்பும். பிறகு பிளக்குகளைப் பூட்டி, டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அப்புறம்தான் சாவி.

அந்த நேரத்தில் காற்று உறிஞ்சும் வாயருகே ஒருவர் கையில் தட்டையான பலகையோடு நிற்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி முழு அளவில் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை என்பதால் சாவியைத் திருப்பினால் நிற்காது. நிறுத்தும் கம்பியும் அதே பம்பைத்தான் இழுக்கிறது. காற்றை அடைப்பது ஒன்றே நிச்சயமான வழி. கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

எஞ்சின் சீராக ஓடி, ஒருமுறை சூடேறி ஆறியதும் ஹெட் போல்ட்டுகளைக் குறித்த முறுக்குவிசைக்குச் சரிபாருங்கள். கழுவி இறங்கிய அழுக்கோடு இருக்கும் அந்த முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச் சாலையில் சோதிக்க வேண்டாம். இந்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியில் போக வேண்டும். சறுக்க இடமில்லாத தரையில் அந்த வித்தியாசம் முழுவதும், இரண்டு அச்சுகளுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்சக்கரங்களில் முறுக்காக ஏறும். மணலோ ஈரமண்ணோ உள்ள இடத்துக்கு ஓட்டிப்போய் அங்கே நான்கு சக்கர லீவரைப் போடுங்கள். பிறகு லீவரை விடுவிக்கும்போது சிக்கினால் வண்டியைக் கொஞ்சம் பின்னோக்கி நகர்த்துங்கள், முறுக்கு விட்டு அது வந்துவிடும்.