'பிரின்ட்ஸ்' எல்லாம் இளவரசர் ஆகுமா?

ஜெர்மனியின் பழைய அரசகுடியில் ஒரு திருமணமோ வழக்கோ வந்துவிட்டால் போதும், நம் இதழ்கள் 'ஜெர்மனி இளவரசர்' என்று தலைப்பிட்டு விடுகின்றன. அங்கே 1918 நவம்பரிலேயே முடியாட்சி ஒழிந்துவிட்டது. அரசரே இல்லாத நாட்டுக்கு இளவரசர் ஏது?

இந்த அரசகுடியினரின் பெயரோடு வரும் ஜெர்மன் சொல் 'பிரின்ட்ஸ்', ஆங்கிலத்தின் 'பிரின்ஸ்'. அதன் வேர் இலத்தீன்; முதலிடம் உடையவன் என்று பொருள். ஜெர்மன் மொழியில் ஆட்சி செய்தவர் 'ஃபியூர்ஸ்ட்'. நம் 'குறுநில மன்னர்' அதற்கு நன்றாகவே பொருந்தும். அந்தக் குடியில் பிறந்தும் ஆளாதவர் 'பிரின்ட்ஸ்'. அரியணைக்கு உரியவரைக் குறிக்க 'குரோன்பிரின்ட்ஸ்' என்று தனிச்சொல்லே உண்டு. நம் 'இளவரசர்' அதற்கு மட்டும்தான் நேர்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'கோமகன்' என்கிறார்கள். தமிழ்ச்சொல்தான், எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கோவின் மகன் என்றல்லவா அது சொல்கிறது? அந்தப் பழைய அரசகுடியைச் சேர்ந்த கேயோர்க் பிரீட்ரிக்கை எடுத்துக்கொள்வோம். 1976-இல் பிரேமனில் பிறந்தவர். கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குக் கொள்ளுப்பேரனின் மகன். இவருடைய தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரில் ஒருவர்கூட அரியணை ஏறவில்லை. பிறகு எந்தக் கோவுக்கு இவர் மகன்?

இதைவிடப் பெரிய தடை சட்டத்தில் இருக்கிறது. முடியாட்சி ஒழிந்தபின் வந்த ஜெர்மன் குடியரசின் 1919 வைமார் அரசியலமைப்பின் 109-ஆம் பிரிவு, உயர்குடிப் பட்டங்கள் இனிப் பெயரின் பகுதி மட்டுமே என்றது. ஆகவே 'பிரின்ட்ஸ் ஃபொன் பிராய்சன்' (பிராய்சன் என்பது பிரஷ்யாவின் ஜெர்மன் பெயர்) முழுவதும் கேயோர்க் பிரீட்ரிக்கின் குடும்பப்பெயர். 2011-இல் போட்ஸ்டாமில் அவர் மணந்த சோஃபியின் பிறந்தகத்துப் பெயரில் இருந்த 'பிரின்ட்ஸெசின்' என்ற பெண்பால் வடிவமும் அப்படியே. தத்து எடுத்தால்கூட இந்தப் பெயர் கைமாறும்: ஹான்ஸ் ராபர்ட் லிக்டன்பெர்க் என்பவர் வளர்ந்த ஆளான பிறகு தத்துப்போய் 'பிரின்ட்ஸ் ஃபொன் அன்ஹால்ட்' ஆனார். அவரையும் கோமகன் என்பதா?

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் செய்தியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள். மூலமொழி எதுவென்று திரும்பிப் பார்ப்பதில்லை. 'பிரஷ்யாவின் இளவரசர்' என்று துணிந்து எழுதுகிறார்கள். பிரஷ்யாவை நேச நாடுகள் 1947-இலேயே கலைத்துவிட்டன!

இன்றைய ஆளுக்குப் பெயரைப் பெயராகவே எழுதி, 'முன்னாள் அரசகுடியினர்' என்று ஒருமுறை விளக்கினால் போதும். 1945-க்குப் பின் பறிக்கப்பட்ட குடும்பச் சொத்துகளுக்கு இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்குகளைக் கேயோர்க் பிரீட்ரிக் 2023-இல் கைவிட்டார். 'இளவரசர் வழக்கைக் கைவிட்டார்' என்று எழுதினால் ஏதோ அரண்மனை முடிவுபோல் ஒலிக்கிறது. வழக்குத் தொடுத்ததும் கைவிட்டதும் ஒரு ஜெர்மன் குடிமகன்.