ஹெட்லைட் ஓட்டைக்குள் ஒரு கருஞ்சிட்டு

மதுரை மாவட்டத்து வாடிப்பட்டிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவின் டிராக்டருக்கு இடது ஹெட்லைட் கிடையாது. கருவேலங்கிளை தட்டி உடைந்ததைக் கழற்றிப் போட்டதோடு சரி, ஓட்டை அப்படியே நின்றது. மாசியில் அறுப்பு முடிந்து வண்டி தகரக் கொட்டகைக்குள் போனது. பங்குனியில் ஒரு நாள் காலையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற முன்பக்கக் கிரில்லைத் திறந்தவர், அப்படியே மூடிவிட்டு வந்தார்.

"உள்ளே மூணு முட்டை கெடக்குடா. பக்கத்துல குருவியைக் காணோம், முட்டையில சூடே இல்ல. விட்டுட்டுப் போயிருச்சு போல" என்றார்.

அது கருஞ்சிட்டின் கூடு. குருவி விட்டுப் போகவில்லை. கூட்டை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த நாட்களில்தான். கருஞ்சிட்டு நாளுக்கு ஒரு முட்டையாக மூன்று அல்லது நான்கு இடும். முதல் முட்டை இட்டவுடன் அடை உட்காராது. கடைசி முட்டை வரும் வரை வெளியில் இரை தேடித் திரியும். கரு ஒழுங்காக வளர முட்டைக்குள் சுமார் 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அது கிடைக்காத வரை முட்டை கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லா முட்டையும் சேர்ந்த பிறகு தாய் உட்கார்ந்தால் எல்லாக் கருவும் ஒன்றாக வளரத் தொடங்கி, குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரியும். முதல் நாளே உட்கார்ந்தால் மூத்தது பெரிதாகி, கடைசியாகப் பொரிந்ததுக்கு இரை கிடைக்க விடாது. ஆக, சூடில்லாத முட்டை என்றால் கணக்கு இன்னும் தொடங்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இரண்டு நாள் கழித்து, கொட்டகைக்கு வெளியே நின்று ஓட்டைக்குள் பார்த்தேன். பழுப்பு நிறப் பெட்டைக் குருவி பேட்டரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெளியே வரப்புக் கல்லில் ஆண். கரிய உடம்பு, சிறகில் வெள்ளைப் பட்டை, தூக்கிய வாலுக்கு அடியில் செம்பழுப்பு. இந்த இனத்தில் அடை காப்பது பெட்டை மட்டும்தான். அடை காலத்தில் அதன் வயிற்றில் ஒரு பகுதியில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அங்கே ரத்த ஓட்டம் கூடும். பறவையின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அந்தத் தோலை முட்டையோடு ஒட்டி வைத்துத்தான் சூடு கொடுக்கிறது. அவ்வப்போது அலகால் முட்டையைப் புரட்டியும் விடும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலில் முட்டைக்குக் குளிரைவிடச் சூடுதான் எதிரி. 40 டிகிரியைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் கரு செத்துவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் பானட்டில் கை வைக்க முடியாது. அதனால் நிழலில் நிற்கும் இரும்புதான் பறவைக்குச் சரிப்படும். வேரும் முடியும் வைத்துக் கட்டிய மெத்தைக்குள் காற்று தங்குவதால், இரும்பின் சூடும் குளிரும் முட்டைக்கு நேராக ஏறாது.

டிராக்டரையா தேடி வருகிறது? பறவைக்கு அது டிராக்டரே இல்லை. கருஞ்சிட்டு வழக்கமாகக் கூடு வைப்பது பாறை இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும். யானைமலை அடிவாரத்துப் பாறைப் பிளவும் ஹெட்லைட் ஓட்டையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்: காக்கை நுழைய முடியாத வாசல், உள்ளே இருட்டு, மேலே மூடி. பெரியாறு பாசனத்தில் இருபோக நிலத்துக்கு வழக்கமாக ஜூனில்தான் தண்ணீர் திறப்பார்கள். அதுவரை வண்டிக்குப் பெரிய வேலை இல்லை. வண்டி சும்மா நிற்கும் மாதங்களும் கூடு கட்டும் மாதங்களும் ஒன்றாக விழுகின்றன.

சிக்கல் கோடை உழவில் வரும். ஒரு நல்ல மழை பெய்தால் வண்டியை எடுத்தாக வேண்டும். கூட்டோடு வண்டி வேறு இடம் போனால் தாய் தேடி வராது. பறவை நினைவில் வைப்பது கூடு இருந்த இடத்தைத்தான். பழைய இடத்துக்கே வந்து சுற்றிவிட்டுப் போய்விடும். எடுக்காமல் தீராது என்றால், சீக்கிரம் கொண்டுவந்து அதே இடத்தில், அதே முகமாக நிறுத்த வேண்டும். அப்போதும் உறுதி கிடையாது. என்ஜின் சூடு வேறு இருக்கிறது. ரேடியேட்டர் முன்னால் கூடு அடைத்தால் என்ஜின் கொதிக்கும். சைலன்சர் பக்கத்துக் கூடு தீப்பிடிக்கும்.

"மனுசக் கை வாசனை பட்டால் தாய் சேர்க்காது" என்பார்கள். அது சரியல்ல. தொந்தரவு மிஞ்சும்போதுதான் பறவை கூட்டைக் கைவிடுகிறது, அதுவும் கட்டும்போதும் முட்டையிடத் தொடங்கும்போதும் அதிகம். குஞ்சு பொரிந்துவிட்டால் லேசில் விடாது. கீழே விழுந்த குஞ்சைத் தாராளமாக எடுத்துக் கூட்டில் வைக்கலாம்.

அடை 10 முதல் 12 நாள். குஞ்சு வெளியேற இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம். மைனா என்றால் அடைக்கே 17, 18 நாள், அப்புறம் மூன்று வாரத்துக்கும் மேல். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், பொத்தகுடி ஊர்க்காரர்கள் 2020-இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டியில் கூடு வைத்த ஒரு சிறு பறவைக்காக ஒரு மாதத்துக்கும் மேல் விளக்குப் போடாமல் இருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது இந்தக் கணக்குக்காகத்தான். காத்திருக்க வழியில்லாதவர்கள் மாசியிலேயே ஓட்டைகளைத் துணி வைத்து அடைத்து, சைலன்சர் வாயில் டப்பா கவிழ்த்து, வாரம் இரண்டு முறை வண்டியை ஸ்டார்ட் செய்தால் போதும். முட்டை விழுந்த பிறகு அடைப்பது பாவம்.

சித்திரையில் மழை பெய்தது. சித்தப்பா வாடகைக்கு வண்டி பிடித்து உழுதார். குஞ்சுகள் போய் நான்கு நாள் கழித்துக் கூட்டை எடுத்தோம்: புல்வேர், மாட்டு முடி, நடுவில் விரல் நீளத்துக்குப் பாம்புச் சட்டை. கருஞ்சிட்டு அதை அடிக்கடி கொண்டுவந்து வைக்கும். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. வாடகை வண்டியிலிருந்து வயர் கொடுத்துத்தான் கிளப்பினோம்.