பிரவுசரில் திறந்தால் போதாது

இந்த வாரமும் ஒரு கோட் ரிவ்யூவில் அதே வரி. பணம் அனுப்பும் ஏபிஐ-யை அழைக்கும் பைத்தான் நிரல். இணையத்தில் பேச உதவும் பைத்தான் நூலகமான ரிக்வெஸ்ட்ஸின் அழைப்புக்குள் 'வெரிஃபை'க்கு 'ஃபால்ஸ்' கொடுத்திருக்கிறார்கள், அதாவது சர்வர் காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காதே என்று. கேட்டால், "சர்ட்டிஃபிகேட் எரர் வந்துச்சுண்ணா, ஆனா பிரவுசர்ல நல்லாத்தான் ஓபன் ஆகுது" என்று பதில். அந்த வரி இருக்கும்வரை நடுவில் யார் எந்தச் சான்றிதழை நீட்டினாலும் நிரல் நம்பிவிடும், ஏபிஐ கீ என்ற ரகசியச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

பிரவுசரில் திறப்பதை வைத்து நிரலைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள். தளத்தின் சான்றிதழுக்கு இடைநிலைச் சான்றிதழ் சாட்சி, அதற்கு ரூட் சான்றிதழ் சாட்சி, இதுதான் சங்கிலி. எந்த ரூட் சான்றிதழ்களை நம்புவது என்ற பட்டியலை, அதாவது ஸ்டோரை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் பார்க்கிறது. ரிக்வெஸ்ட்ஸுக்கு சர்ட்டிஃபை பேக்கேஜில் உள்ள கோப்பு. ஜாவாவுக்கு அந்தந்த ஜேடிகே-யில், அதாவது நிறுவிய ஜாவா தொகுப்பில், உள்ள சிஏசர்ட்ஸ் கோப்பு. ஒரு ஜேடிகே-யில் சான்றிதழைச் சேர்த்துவிட்டு, ஜாவா சர்வரான டாம்கேட் வேறொரு ஜேடிகே-யில் ஓடுவதைக் கவனிக்காமல் நாள் முழுக்கத் திண்டாடுகிறார்கள். ஆபீஸின் இணையப் போக்குவரத்தை நடுவில் நின்று பார்க்கும் ப்ராக்ஸியின் ரூட்டை ஐடி டீம் விண்டோஸில் போட்டிருக்கும். குரோம் அதை ஏற்கும், ரிக்வெஸ்ட்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது. சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்ப மறந்தாலும் குரோம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். உங்கள் நிரல் அப்படித் தேடாது.

2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய ரூட் காலாவதியானபோதும் இதே கதைதான். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழ் வைத்திருந்த தளங்கள் பிரவுசரில் திறந்தன, சான்றிதழ் சரிபார்க்கும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.2 பதிப்பு ஓடிய பழைய சர்வர்களில் நிரல்கள் விழுந்தன. அதற்குப் பதிலாக வந்த புது ரூட் ஸ்டோரில் இருந்தும்கூட விழுந்தன. காலாவதியான ரூட்டை ஸ்டோரிலிருந்து நீக்கியதும் சரியானது.

எரரை முழுதாகப் படியுங்கள். ஜாவா 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்றால் சங்கிலியில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது ரூட் உங்கள் ஸ்டோரில் இல்லை. 'ட்ரஸ்ட் ஆங்கர்ஸ்' (நம்பும் ரூட்கள்) காலியாக இருக்கக்கூடாது என்றால் ஸ்டோரே காலி, அல்லது பாதை தப்பு, சர்வர்காரரைத் திட்டாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்-கிளையண்ட்' கட்டளையை 'ஷோசர்ட்ஸ்' சேர்த்து ஓட்டினால், சர்வர் எத்தனை சான்றிதழ் அனுப்புகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று வந்தால் பெரும்பாலும் திருத்த வேண்டியது சர்வர்காரர்கள்தான்.

ஆபீஸ் ரூட் என்றால் ஐடி டீமிடம் கேட்டு வாங்கிச் சேருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோடில் 'நோட் எக்ஸ்ட்ரா சிஏ சர்ட்ஸ்' என்ற சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) இருக்கிற பட்டியலோடு சேர்க்கும். ஆனால் பைத்தான் ரிக்வெஸ்ட்ஸின் 'ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில்' மாறி பழைய பட்டியலுக்குப் பதிலாக உட்கார்ந்துவிடும். அதில் ஆபீஸ் ரூட்டை மட்டும் வைத்தால் ப்ராக்ஸி வழியாகப் போகாத மற்ற தளங்களெல்லாம் எரர் அடிக்கும்.

அந்த 'ஃபால்ஸ்' ஏற்கெனவே புரொடக்‌ஷனில் ஓடியிருந்தால் வரியை நீக்கிவிட்டுப் போய்விடாதீர்கள், தயவுசெய்து. அதன் வழியாகப் போன கீயையும் இன்றைக்கே மாற்றுங்கள்.