இத்தனை அம்புக்குறிகள் எதற்கு?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய வாசகர் ஒருவர், கையேட்டில் இருந்த ஒரு வரியை அனுப்பி, இதில் எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று கேட்டிருக்கிறார். மூலத்தில் உள்ள ரோமன் எழுத்துகளுக்குப் பதில் தமிழ் எழுத்துகளை இட்டால் வரி இப்படி இருக்கும்:

மேப் :: (அ → ஆ) → [அ] → [ஆ]

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரட்டைப் புள்ளிகளுக்கு இடப்பக்கம் செயற்கூறின் (உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல்துண்டின்) பெயர், வலப்பக்கம் அதன் வகை, அதாவது எத்தகைய மதிப்பை வாங்கி எத்தகையதைத் தரும் என்பது. சதுர அடைப்பு என்றால் பட்டியல்; [எண்] என்பது எண்களின் பட்டியல். (பைத்தான் கையேடுகளில் இதே சதுர அடைப்புக்கு ‘விரும்பினால் கொடுக்கலாம், விட்டும்விடலாம்’ என்று பொருள் வருவதுண்டு. ஒரே குறிக்கு ஊருக்கொரு அர்த்தம் வைத்துத் தொடக்கநிலையாளர்களை வதைப்பதில் கணினி உலகத்துக்கு அலாதி இன்பம்.) அடைப்புக்குள் இருக்கும் (அ → ஆ) தானும் ஒரு செயற்கூறுதான், அதையே உள்ளீடாகக் கொடுக்கிறோம்; மேப் அதைப் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மீதும் செலுத்தி, விடைகளைப் பட்டியலாகத் தரும். ‘இரட்டைப்படையா’ என்று சோதிக்கும் செயற்கூறையும் [3, 8, 5] என்ற பட்டியலையும் மேப்பிடம் தந்தால் [பொய், மெய், பொய்] கிடைக்கும். இங்கே ‘அ’ எண். ‘ஆ’ மெய்-பொய் மதிப்பு, அதாவது பூலியன்.

சரி, உள்ளீடுகளுக்கு இடையிலும் ஏன் அம்பு? கூட்டலின் வகை எண் → எண் → எண். இதை வலப்பக்கத்திலிருந்து அடைப்பிட்டு, எண் → (எண் → எண்) என்று படிக்க வேண்டும். 5-ஐக் கொடுத்தால் விடை வராது; ‘வருவதோடு 5-ஐக் கூட்டு’ என்னும் புதிய செயற்கூறு வரும். அதற்கு 3-ஐக் கொடுத்தால் 8. எத்தனை உள்ளீடு வேண்டுமானாலும் இப்படி ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம் என்பதை தர்க்கவியலாளர் மோசஸ் ஷோன்ஃபிங்கெல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1920-இல் ஓர் உரையில் விளக்கினார்; கட்டுரையாக அது அச்சேறியது 1924-இல். பிறகு இதை விரிவாக வளர்த்த அமெரிக்கத் தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கர்ரியின் பெயரே மொழிக்கு வந்தது. நிரல் எழுத அன்று மின்னணுக் கணினி ஏது? ‘இதனால் உடனடிப் பயன் என்ன’ என்று ஆய்வு நிதிக் குழுக்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆண்டுகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

என்னை மயக்குவது அம்பு அல்ல, அந்தச் சின்ன ‘அ’. ‘எந்த வகையாகவும் இருக்கலாம்’ என்பது அதன் பொருள். கேட்பதற்குத் தாராளமாகத் தெரிகிறது. உண்மையில் அது கடுமையான கட்டுப்பாடு. அ → அ என்ற வகையுள்ள செயற்கூறு என்ன செய்ய முடியும்? வந்தது எண்ணா, எழுத்தா என்று அதற்குத் தெரியாது. ஆகவே கூட்ட முடியாது, ஒப்பிட முடியாது, புதிதாக ஒன்றை உண்டாக்கவும் முடியாது. ஒட்டிய பெட்டியைக் கையில் வாங்கியவர் நிலைதான்: பிரிக்காமல் அப்படியே திருப்பித் தரலாம். முடிவில்லாமல் சுற்றுவதையும் பிழையோடு நின்றுவிடுவதையும் ஒதுக்கிவிட்டால், அதற்கு வேறு வழியே இல்லை. நிரலின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் அது செய்வதை முழுதாகச் சொல்லிவிட்டோம்!

இப்போது [அ] → [அ]. பட்டியலைத் திருப்பலாம், சிலவற்றை விடலாம், சிலவற்றை இரண்டு முறை இடலாம். எல்லாம் இடத்தை வைத்துத்தான், மதிப்பை வைத்து அல்ல. [3, 1, 2]-ஐத் திருப்பினால் [2, 1, 3]. பிறகு ஒவ்வொன்றின் குறியையும் மாற்றினால் [-2, -1, -3]. குறியை முதலில் மாற்றிவிட்டுத் திருப்பினாலும் அதே விடை. இந்த வகையுள்ள எந்தச் செயற்கூறுக்கும் இது பொருந்தும். கணினி அறிவியலாளர் ஜான் ரெனால்ட்ஸ் 1983-இல் இதற்கு அடித்தளம் இட்டார். வகையைப் பார்த்த மாத்திரத்தில் இத்தகைய தேற்றங்கள் ‘இலவசமாக’க் கிடைக்கும் என்று 1989-இல் பிலிப் வாட்லர் காட்டினார்.

வரிசைப்படுத்துவது எப்படி? [3, 1, 2]-ஐ ஏறுவரிசையில் அடுக்கிக் குறியை மாற்றினால் [-1, -2, -3]. குறியை மாற்றிவிட்டு அடுக்கினால் [-3, -2, -1]. விடைகள் வேறு. எனவே வரிசைப்படுத்தும் செயற்கூறின் வகை வெறும் [அ] → [அ] ஆக இருக்கவே முடியாது. கையேட்டைப் பாருங்கள், ஆர்ட் அ ⇒ [அ] → [அ] என்றுதான் இருக்கும். அந்த இரட்டைக்கோட்டு அம்பு உள்ளீடு அல்ல, நிபந்தனை: ‘அ எதுவானாலும் சரி, ஆனால் பெரிது-சிறிது ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும்.’ பெட்டியில் திறந்துவைத்த ஒரேயொரு துவாரம் அது.

இவ்வளவு சொல்லும் வரியைத் தாண்டிப் போய், கீழே உள்ள எடுத்துக்காட்டை நகலெடுத்து ஒட்டி, ஓடினால் சரி என்று விட்டுவிடுவது மந்திரம் ஜெபிப்பது போலத்தான். நிரலர்களுக்குள்ளும் மூடநம்பிக்கைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் வகை எல்லாவற்றையும் சொல்லாது. பெயர் தெரியாவிட்டாலும் வகையைக் கொடுத்தே செயற்கூறைத் தேட ஹாஸ்கெலில் ஹூகிள் என்ற தேடுபொறி இருக்கிறது. அதில் (அ → பூலியன்) → [அ] → [அ] என்று தேடிப் பாருங்கள். நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும் பொறுக்கும் ஃபில்டர், நிபந்தனை முறியும்வரை எடுக்கும் டேக்-வைல், முறியும்வரை தள்ளும் டிராப்-வைல் மூன்றுக்கும் இதே வகைதான். எது உங்களுக்கு வேண்டும் என்பதை வகைக்குக் கீழே எழுதியிருக்கும் வாக்கியத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.