பழகாத வேலையில் மூளை எப்படி இளைப்பாறுகிறது?

பாத்திரம் துலக்கும்போதுதான் அலுவலக வாக்குவாதம் நினைவுக்கு வரும். அன்றைக்குச் சொல்லத் தவறிய பதிலைச் சோப்பு நுரையோடு சேர்த்துச் சொல்லிப் பார்ப்போம். வேலை முடிந்து கை ஓய்ந்துவிடும், தலை ஓயாது. அதே ஆள், இதுவரை செய்தே பார்க்காத ஒன்றை, மழுங்கிய கத்தியைக் கல்லில் தீட்டுவதை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால், எழும்போது தலை லேசாகிவிட்டது என்பார். சிரமம் என்று பார்த்தால் இரண்டாவதில்தான் அதிகம். அப்புறம் எப்படி ஓய்வு கிடைத்தது?

மூளையைப் பொறுத்தவரை ஓய்வு என்றால் நிறுத்திவைப்பது அல்ல. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் இந்த உறுப்பு, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நாம் சும்மா படுத்திருந்தாலும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. கடினமான கணக்கைப் போட்டாலும் பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவே எவ்வளவு வேலை செய்கிறது என்பதைவிட, எதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

சும்மா இருக்கும் மூளை எதில் மாட்டிக்கொள்கிறது என்பதை 2001-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்லி குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். வெளிவேலை எதுவும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. கவனம் கேட்கும் வேலை வந்ததும் அடங்கிப்போகின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியும், மூளையின் பின்புறம் நடுவில் உள்ள பகுதியும் இவற்றில் முக்கியமானவை. இயல்புநிலை வலையமைப்பு என்று இதைச் சொல்லலாம். நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, ‘அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்’ என்பது எல்லாம் ஓடுவது பெரும்பாலும் இங்கேதான். இதை வில்லனாக்கிவிட வேண்டாம். நாளைய திட்டம் போடவும் இதுதான் உதவுகிறது. சிக்கல் என்னவென்றால், கவலையில் இருப்பவரிடம் இது ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான்.

2010-இல் உளவியல் ஆய்வாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்பேசி வழியாக அவ்வப்போது, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது’ என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது.

நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இன்னொரு ஆய்வு. 2007-இல் மாலியா மேசனும் சக ஆய்வாளர்களும் ஒரே வகை மனப்பயிற்சியை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள்: ஏற்கெனவே நன்றாகப் பழகியது, முற்றிலும் புதியது. பழகியதைச் செய்யும்போது மனம் அதிகம் அலைந்தது, இயல்புநிலை வலையமைப்பும் அதிகம் இயங்கியது. அதாவது வேலை செய்தால் மட்டும் போதாது. அது பழகாததாக இருந்தால்தான் கவலைக்கு இடம் குறைகிறது.

கத்தியையே எடுத்துக்கொள்வோம். கல்லை நனைத்து, நழுவாமலிருக்க ஈரத்துணியின் மேல் வைக்கிறோம். கத்தியை 15 முதல் 20 பாகை சாய்த்து, அடியிலிருந்து நுனிவரை அதே கோணம் மாறாமல் இழுக்கவேண்டும். சாய்வு கொஞ்சம் பிசகினாலும் உரசும் சத்தம் மாறிவிடும். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்க விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பிசிறு எழும். கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி விரலை மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். தட்டுப்பட்டால் கத்தியைத் திருப்பலாம்.

கோணம், அழுத்தம், வேகம், சத்தம் என நான்கையும் ஒரே நேரத்தில் கவனிக்கவேண்டியிருக்கிறது. நம் செயல்படு நினைவகத்தில், அதாவது செய்துகொண்டிருக்கும் வேலைக்காக அந்தந்த நேரம் மனதில் பிடித்துவைத்திருக்கும் இடத்தில், ஒரே நேரத்தில் நிற்பதும் ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். வண்டியில் இருக்கை எல்லாம் நிரம்பிவிட்டது. வாக்குவாதம் ஏற வழியில்லை. போதாததற்கு, ஒவ்வொரு இழுப்பும் சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. மனம் நழுவினாலும் அந்தச் சத்தமே திரும்ப இழுத்துவந்துவிடும்.

அப்படியென்றால் பாத்திரம் துலக்குவதில் பயனே இல்லையா? 2015-இல் ஃபுளோரிடாவில் 51 மாணவர்களைக் கொண்டு ஒரு சிறிய ஆய்வு நடந்தது. சோப்பின் மணம், நீரின் வெதுவெதுப்பு, கையில் பாத்திரம் படும் உணர்வு என்று கவனித்துத் துலக்கியவர்களுக்குப் பதற்றம் 27 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பது பேரை வைத்துப் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. ஆனால் பழகிய வேலையில் கவனத்தை நாமே வலிந்து நிறுத்தவேண்டும், பழகாத வேலை அதைத் தானே செய்துவிடுகிறது என்பதே என் எண்ணம். தியானத்தில் உட்கார முடியாதவர்கள் கூடப் பிய்ந்த ஜிப்பைச் சரிசெய்ய உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

2007-இல் உளவியல் ஆய்வாளர்கள் சபீனே சோன்னென்டாக்கும் சார்லட் ஃபிரிட்ஸும் வேலை அலுப்பிலிருந்து மீள உதவும் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். வேலையை மனதிலிருந்து விலக்குவதும் இளைப்பாறுவதும் நாம் எதிர்பார்ப்பவைதான். நேரம் நம் கையில் இருப்பதும் புதிதாக ஒன்றில் தேறுவதும் மற்ற இரண்டு. சோபாவில் சாய்ந்தால் இந்தக் கடைசியது கிடைக்காது.

இந்தப் பலன் நிரந்தரமல்ல. கை பழகப் பழக, யோசித்துச் செய்தது தன்னிச்சையாக நடக்கத் தொடங்கும். அப்போது கத்தி தீட்டுவதும் பாத்திரம் துலக்குவதும் ஒன்றுதான். வேறு வேலையைத் தேடவேண்டியதுதான். தேடும்போது, தவறினாலும் திருத்திக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும் குழாயில் வாஷர் மாற்றக் கற்றுக்கொள்வது ஓய்வல்ல, அவசரம். மின்வேலையில் சோதனை முயற்சியே வேண்டாம். செய்முறை வீடியோவை முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அலுவலகக் குழுவில் வந்த செய்தியும் கூடவே கண்ணில் படும்.